பச்சை மண்டலமும் மலைச்சரிவும்: நீலகிரியில் ட்ரோன் பறக்கும் முன்

ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலே உள்ள வான்வெளி அந்த நாட்டுக்கே உரியது. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் பிரிவே இதுதான். அதே உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, விமானி ஏறாத வானூர்தி எதுவும் இன்னொரு நாட்டின் மேல் அதன் தனி அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது என்கிறது. ட்ரோன் கடைகளில் விற்பனைக்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அதற்கான சட்டம் வேர் விட்டிருந்தது. ஊட்டியில் ஒரு விடுதியின் மொட்டைமாடியிலிருந்து 249 கிராம் எடையுள்ள ட்ரோன் எழும்பினாலும் சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு வானூர்திதான்.

இந்திய வான்வெளி தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரிய வான்தகவல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நீலகிரி சென்னை மண்டலத்தைச் சேர்ந்தது. விமானங்களுக்கு வழிகாட்டுவது இந்திய விமான நிலைய ஆணையம். விதிகளை நடைமுறைப்படுத்துவது டிஜிசிஏ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். விமானப்படைத் தளங்களைச் சுற்றியுள்ள வான்வெளி விமானப்படையின் பொறுப்பு. இத்தனை பேர் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருந்த இடத்தின் அடித்தட்டுக்குள் ட்ரோன் பிற்பாடு வந்து சேர்ந்தது.

வந்ததும் அதை என்ன செய்வது என்று அரசுக்குப் புரியவில்லை. 2014 அக்டோபர் 7 அன்று டிஜிசிஏ ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டுத் தனியார் ட்ரோன்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. திருமண வீடுகளில் ட்ரோன் படம் பரவலானதே இந்தத் தடைக்காலத்தில்தான் என்பது வேடிக்கை. 2018 ஆகஸ்டில் முதல் விதிமுறை வந்து அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அமலானது. 2021 மார்ச்சில் ஒரு புதிய விதித்தொகுப்பு வந்தது; படிவங்களும் கட்டணங்களும் மலைபோலக் குவிந்திருந்ததால் அது ஐந்தே மாதத்தில் கைவிடப்பட்டது. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ‘ட்ரோன் விதிகள், 2021’ படிவங்களை 25இலிருந்து 5 ஆகவும், கட்டண வகைகளை 72இலிருந்து 4 ஆகவும் குறைத்தது. பிற்பாடு வந்த சில திருத்தங்களோடு இன்றும் அடிப்படையாக இருப்பவை அந்த விதிகள்தான்.

அவற்றின் மையத்தில் இருப்பது மூன்று நிற வரைபடம். 2021 செப்டம்பர் 24 அன்று ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தில் வெளியிடப்பட்ட அந்த வரைபடம் நாடு முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகக் காட்டுகிறது. பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க வான்வெளி அனுமதி எதுவும் தேவையில்லை. மஞ்சளில் அந்தப் பகுதியின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே முடியாது. இதுவரை எளிதுதான். பலரும் தவறவிடுவது இதற்கு அடுத்த வரியை: பச்சை நிறப் பகுதியிலும் 120 மீட்டருக்கு மேலே உள்ள வான்வெளி மஞ்சளே. ஒரே இடம் கீழே பச்சை, மேலே மஞ்சள். சமவெளியில் இது ஒரு சிறு குறிப்பு. மலையில் இதுதான் முழுக் கதையும்.

விமான நிலையங்களைச் சுற்றி இந்த நிறங்கள் வளையங்களாக அமைகின்றன. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரைமட்டத்திலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம் வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள். முன்பு இந்த மஞ்சள் வளையம் 45 கிலோமீட்டர் அகலமாக இருந்தது. 2021 ஆகஸ்ட் விதிகள்தான் அதை 12 கிலோமீட்டராகச் சுருக்கின. நீலகிரிக்கு மிக அருகில் உள்ள விமான நிலையம் கோவை. அங்கிருந்து குன்னூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பழைய வளையத்தின் விளிம்பு குன்னூரை உரசிக்கொண்டு நின்றது. இன்றைய வளையம் மேட்டுப்பாளையத்தைக்கூட எட்டுவதில்லை. ஆகவே விமான நிலையக் கணக்கில் மட்டும் பார்த்தால் நீலகிரி முழுவதும் தாராளமான பச்சைதான்.

ஆனால் விமானம் இறங்காத மலையில் ஹெலிகாப்டர் இறங்குகிறது. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும், முப்படை அதிகாரிகள் படிக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் இருக்கின்றன. சில கிலோமீட்டர் தள்ளி அருவங்காட்டில், வெடிமருந்து தயாரிக்கும் கார்டைட் தொழிற்சாலை நூற்றாண்டைக் கடந்து இயங்குகிறது. ஊட்டிக்கு அருகே தீட்டுக்கல்லில் முக்கியப் பிரமுகர்கள் வந்திறங்கும் ஹெலிகாப்டர் தளம் உண்டு. 2018ஆம் ஆண்டு விதிமுறையில், ராணுவ நிலையங்களின் சுற்றெல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் முன் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. இன்றைய விதிகளில் இப்படித் தூரப் பட்டியல் இல்லை. அந்த வேலையைச் சிவப்பு நிறம் செய்கிறது. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போடப்பட்ட பிறகு, ராணுவ வேலிக்கு அருகில் எழும் எந்தச் சிறு ட்ரோனையும் பொம்மையாகப் பார்க்கும் மனநிலை காவலர்களுக்கு இல்லை. குன்னூரில் தங்கும் பயணிக்கு வெலிங்டன் எங்கே தொடங்குகிறது என்பது தரையில் நடக்கும்போது தெரியும். ட்ரோனின் கேமராத் திரையில் தெரியாது. வரைபடத்தைத் தெரு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய ஊர் அது.

ஹெலிகாப்டர்கள் இங்கே எவ்வளவு தாழப் பறக்கின்றன என்பதை நீலகிரி மக்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் மோதி எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது, இயந்திரக் கோளாறு இல்லாமலே அது மலையில் மோதியது என்று முப்படை விசாரணை முடிவு செய்தது. அந்த விபத்துக்கும் ட்ரோனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் மேகம் இறங்கும்போது ஹெலிகாப்டரும் பள்ளத்தாக்கில் தாழ வருகிறது என்பதற்கு அது சாட்சி. உலகின் பல நாடுகள் ட்ரோனுக்கு 400 அடி என்று எல்லை வைத்ததற்கு ஒரு காரணம், ஆள் ஏறிய விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே வருவதில்லை என்பது. இடையில் உள்ள 100 அடி காப்பு இடைவெளி. ஹெலிகாப்டர்களுக்கு இந்த 500 அடிக் கணக்கு அப்படியே பொருந்தாது. மலைப் பள்ளத்தாக்கில் காப்பு இடைவெளி இருப்பதாக எடுத்துக்கொள்ளவே முடியாது. எதிரே வருவது ஆள் ஏறிய வானூர்தி என்றால் ட்ரோன்தான் ஒதுங்க வேண்டும்.

இனி உயரக் கணக்கு. விதி சொல்லும் 120 மீட்டர் கடல்மட்டத்திலிருந்தோ, ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்தோ அளக்கப்படுவது அல்ல. ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அளக்கப்படுவது. ட்ரோனின் கைத்திரையில் தெரியும் எண்ணோ, பெரும்பாலான மாடல்களில், கிளம்பிய இடத்தைப் பூச்சியமாக வைத்துக்கொண்டு காட்டும் உயரம். சமதரையில் இரண்டும் ஒன்றே. குன்னூரின் டால்பின் நோஸ், லேம்ஸ் ராக் காட்சிமுனைகளிலும், மாயாறு பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கும் கோடநாடு காட்சிமுனையிலும் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 30 பாகை சரிவுள்ள தேயிலைத் தோட்டத்தின் மேல் விளிம்பில் நின்று ஒருவர் ட்ரோனை 10 மீட்டர் உயர்த்துகிறார். பிறகு உயரத்தை மாற்றாமல் பள்ளத்தாக்கை நோக்கி நேராக 200 மீட்டர் செலுத்துகிறார். அந்தச் சரிவில் 100 மீட்டர் கிடைத்தூரத்துக்குத் தரை ஏறத்தாழ 58 மீட்டர் இறங்கும். 200 மீட்டருக்கு 115 மீட்டர். இப்போது ட்ரோன் தரையிலிருந்து 125 மீட்டர் மேலே இருக்கிறது. கைத்திரை மட்டும் இன்னும் 10 மீட்டர் என்றே காட்டிக்கொண்டிருக்கும். குச்சியை ஒரு முறைகூட மேல்நோக்கித் தள்ளாமல், அவர் பச்சை மண்டலத்திலிருந்து அனுமதி தேவைப்படும் மஞ்சள் மண்டலத்துக்குள் போய்விட்டார். இது மிதமான சரிவுக்கான கணக்கு. செங்குத்தாக இறங்கும் காட்சிமுனைகளில் விளிம்பைத் தாண்டிய சில நொடிகளிலேயே இது நடந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் எடுத்துப் பெருமையோடு பகிரும் ‘பள்ளத்தாக்கின் மேல் மிதக்கும்’ காட்சிகளில் பல, இந்தக் காரணத்தாலேயே விதிமீறல்கள்.

திரையில் வரும் எண்ணின் பின்னால் இருப்பது ஒரு சிறு காற்றழுத்தமானி. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது; ஊட்டியின் உயரத்தில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 மில்லிபார். கிளம்பும் நொடியில் இருந்த அழுத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து ட்ரோன் தன் உயரத்தைச் சொல்கிறது. மலை கீழே இறங்கிப் போவதை அழுத்தமானி அறியாது. ட்ரோனின் அடிப்பகுதியில் உள்ள தூர உணரிகள் தரையை நேரடியாகப் பார்க்கும்தான். ஆனால் சாதாரண மாடல்களில் அவற்றின் வீச்சு சில மீட்டர்களோடு முடிந்துவிடும், தரையிறங்க உதவுவதே அவற்றின் வேலை. எனவே மலையில் உயரத்தைக் காப்பாற்ற நடைமுறையில் இரண்டே வழிகள் உண்டு. சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை முன்கூட்டியே பார்த்து, எங்கே எவ்வளவு இறங்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளலாம். அல்லது சரிவின் மேல்முனையில் நிற்காமல் அடிவாரத்தில் நின்று மேல்நோக்கிப் பறக்கவிடலாம். இரண்டாவது வழியில் திரை காட்டும் உயரம் உண்மையான உயரத்தைவிட அதிகமாகவே இருக்கும். சட்டத்தின் பக்கம் பாதுகாப்பு. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: முகடு குறுக்கே வந்தால் ரேடியோ அலை மறைந்துவிடும்.

ட்ரோன்கள் பெரும்பாலும் 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் கட்டுப்படுத்தப்படுகின்றன. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. ஒரு முகட்டையோ, அடர்ந்த தைல மரத் தோப்பையோ சுற்றிக்கொண்டு வராது. தொடர்பு அறுந்ததும் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும் வசதி உண்டு. ஆனால் அது முன்பே குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி, நேர்க்கோட்டில் திரும்பும். அந்த உயரம் கிளம்பிய இடத்திலிருந்து 30 மீட்டர் என்று இருந்து, இடையில் 60 மீட்டர் உயர முகடு இருந்தால் முடிவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மெல்லிய காற்றும் கணக்கில் சேரும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அருகில் உள்ள தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு. விசிறிகள் கீழே தள்ளும் காற்றின் நிறைதான் ட்ரோனைத் தூக்குகிறது. காற்று மெலிந்தால் அதே எடையைத் தூக்க விசிறிகள் சுமார் 12 விழுக்காடு வேகமாகச் சுற்ற வேண்டும். மிதந்து நிற்கத் தேவையான திறனும் அதே அளவில் கூடும். சென்னை மெரினாவில் 25 நிமிடம் தாங்கும் பேட்டரி ஊட்டி ஏரிக்கரையில் 22 நிமிடத்தைத் தாண்டுவதே கடினம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் விடியலில் இன்னும் மோசம்: குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடி, மின்னழுத்தம் திடீரென்று சரியும். மேலே ஏற்றுவதற்கு முன் பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்குவது இங்குள்ள படக்காரர்கள் கைக்கொள்ளும் எளிய வழி.

நீலகிரியின் வான்வெளியில் மறைமுகமாகக் குறுக்கிடும் இன்னொரு குடியிருப்பாளர் முத்தோரையில் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1970இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே 11 பாகை சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அங்கே தொலைநோக்கியைக் கட்டியதால், அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அலையை. ட்ரோன் பேசுவது வேறு அலையில். ஆனாலும் மோட்டார்களை இயக்கும் மின்சுற்றுகள் பல அலைவரிசைகளில் சிறு இரைச்சலைக் கசியவிடும். விண்ணிலிருந்து வரும் சமிக்ஞைகள் அந்த இரைச்சலைவிடப் பல மடங்கு மெலிந்தவை. மேலிருந்து பார்த்தால் அபாரமான படம் கிடைக்கும் கட்டமைப்புதான். தொலைநோக்கி மையத்தில் கேட்காமல் எடுக்கத் தகாத படமும்கூட.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை காடு. நீலகிரி மாவட்டத்தில் பாதிக்கு மேல் வனநிலம். வடக்கே முதுமலை, 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதன் மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். மேற்கே வரையாடுகளின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா. இரண்டையும் உள்ளடக்கிய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது. எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர், கேரளத்தின் வயநாடு. டிஜிட்டல் ஸ்கை வரைபடம் ஓரிடத்தில் பச்சை காட்டுவது வான்வெளி பற்றிய ஒப்புதல் மட்டுமே. கீழே உள்ள காடு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் தமிழ்நாடு வனச் சட்டத்துக்கும் உட்பட்டது. சரணாலயத்துக்குள் நுழையவும் படம் எடுக்கவும் அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. டிஜிசிஏயின் பச்சை அந்த அதிகாரத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. முதுமலை வழியாக மைசூர் செல்லும் சாலையோரம் காரை நிறுத்தி ட்ரோனை ஏற்றுபவர், ‘சாலை பொதுவழிதானே’ என்று வாதிட்டாலும் பயனில்லை. ட்ரோன் இருப்பது காட்டின் மேல்.

விலங்குகளுக்கு ட்ரோன் என்ன செய்கிறது என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஓர் ஆய்வு நல்ல விடை. 2015இல் வெளியான அந்த ஆய்வில், கறுப்புக் கரடிகளின் உடலில் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவிகளைப் பொருத்தி, மேலே ட்ரோன் பறக்கவிடப்பட்டது. கரடிகள் பெரும்பாலும் எதுவும் நடக்காததுபோலவே இருந்தன. ஓடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் கருவிகள் வேறு கதை சொல்லின. ஒரு கரடிக்கு இதயத்துடிப்பு இயல்பைவிட நிமிடத்துக்கு 123 துடிப்புகள் வரை கூடியிருந்தது. ‘யானை ஒன்றும் செய்யவில்லையே, நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தது’ என்று சொல்லும் படக்காரருக்கு இந்த ஆய்வு பதில். யானைகளைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் நேரடியானது: தான்சானியாவில் பயிர்களுக்குள் புகும் யானைகளை விரட்டவே ட்ரோன் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அந்த ரீங்காரம் தேனீக் கூட்டத்தை நினைவூட்டுவதால் இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் தேயிலைக்குள் யானை நிற்கும்போது மேலே ட்ரோனை ஏற்றினால், கூட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு இருக்கலாம். சீகூர்ப் பீடபூமியிலும் மாயாற்றங்கரையிலும் எஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளின் கூடுகள், பாறை முகட்டில் தொங்கும் மலைத்தேனீ அடைகள் இரண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கலைந்த மலைத்தேனீ ட்ரோனோடு நிற்காது. கீழே நிற்பவரைத் தேடி வரும்.

வனத்துறையே ட்ரோன் பயன்படுத்துவது இதற்கு முரணல்ல. 2021 செப்டம்பர், அக்டோபரில் டி23 என்று பெயரிடப்பட்ட புலியைத் தேடி மசினகுடி, கூடலூர்ப் பகுதிகளில் பல நாள் அலைந்தபோது கும்கி யானைகள், மோப்ப நாய்களோடு ட்ரோன்களும் களத்தில் இருந்தன. அக்டோபர் 15 அன்று புலி மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடிக்கப்பட்டது. தேவை இருந்தது, பொறுப்பான அதிகாரி இருந்தார், எங்கே எவ்வளவு நேரம் பறப்பது என்ற திட்டம் இருந்தது. அனுமதி என்பது இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று கேட்கும் நடைமுறைதான்.

அடுத்து, ட்ரோனும் அதை இயக்குபவரும் வைத்திருக்க வேண்டிய தாள்கள். எடையை வைத்து ட்ரோன்கள் ஐந்து வகை: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. பறக்கும் ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். கட்டணம் 100 ரூபாய். நானோவை இயக்கவும், வணிக நோக்கமின்றி மைக்ரோவை இயக்கவும் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மற்றவர்களுக்குத் தேவை: வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, டிஜிசிஏ அங்கீகரித்த பள்ளியில் பயிற்சி. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் இத்தகைய பயிற்சி தருகிறது. இங்கே சிக்குபவர்கள் பெரும்பாலும் திருமணப் படக்காரர்கள்தாம். அவர்கள் கையில் இருக்கும் ஏறத்தாழ 900 கிராம் ட்ரோன் மைக்ரோ வகை. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு எடுப்பதால் அது வணிகம், ஆகவே சான்றிதழ் கட்டாயம். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். எடை குறைவு என்ற சலுகை தாள்களுக்குத்தான். மண்டல வரைபடத்திலிருந்து நானோவுக்கும் விலக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் உறவினர் பெட்டியில் ட்ரோன் கொண்டு வருவதும் இப்போது சரியான யோசனை அல்ல. 2022 பிப்ரவரி 9 முதல், ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் தவிர, ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது.

தோட்டங்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களுக்கு இவை அனைத்தோடு, பூச்சிக்கொல்லித் தெளிப்புக்கென 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட நடைமுறையும் பொருந்தும். செடிக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில் பறப்பதால் 120 மீட்டர் அவற்றுக்குப் பிரச்சினையே அல்ல. பிரச்சினை, தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள்.

ஆக, நீலகிரியில் பறக்க நினைப்பவரின் வேலை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே தொடங்குகிறது. முதலில் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் குறிப்பிட்ட இடத்தின் நிறம். மஞ்சளோ சிவப்போ என்றால் உரிய அனுமதி வரும்வரை காத்திருப்பு. பச்சை என்றால் அடுத்த கேள்வி, கீழே உள்ள நிலம் யாருடையது என்பது. காடு என்றால் வனத்துறை. எஸ்டேட் என்றால் அதன் நிர்வாகம். ஊட்டி தாவரவியல் பூங்கா போன்ற இடம் என்றால் தோட்டக்கலைத் துறை. மலை ரயில் பாதை என்றால் ரயில்வே. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் வாகனம் மலை ஏறுவதற்கான சீட்டு மட்டுமே. அதைக் காட்டி ட்ரோன் பறக்கவிட முயல்வது வீண்.

பறக்கும் நாளில் வரைபடத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். இது ஆலோசனை அல்ல, விதி. ஒவ்வொரு பறப்புக்கும் முன் அந்த இடத்துக்குப் புதிய தடை ஏதும் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது இயக்குபவரின் கடமை. காரணம், மாநில அரசோ, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். பெரும் பிரமுகர்கள் அடிக்கடி வரும் மலை இது. 2023 ஏப்ரல் 9 அன்று பிரதமர் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு வந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று குடியரசுத் தலைவர் அங்கே வந்தார். 2024 நவம்பர் இறுதியில் ஊட்டிக்கும் வெலிங்டனுக்கும் வந்தார். இத்தகைய நாட்களில் நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று பச்சையாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

கடைசியாக வானிலை. கோடையில் காலை தெளிவாக இருந்தாலும், வெயில் ஏறியதும் பள்ளத்தாக்குகளிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து, நண்பகல் தாண்டியதும் மேகமாக மூடிக்கொள்ளும். ட்ரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இயக்க வேண்டும் என்பதால், மேகம் வந்ததும் பறப்பும் முடிகிறது. காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட நேரமே இங்கே பெரும்பாலும் பொருத்தமானது.

ட்ரோன் விதிகளை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. வனச் சட்டங்களின் வழக்கு அதிலிருந்து தனி. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாகத் தெரிவிக்க வேண்டும். காப்புக் காட்டுக்குள் விழுந்த ட்ரோனைத் தேடி எடுக்கப் போவதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.